என் மகளின் குரலுக்கு நான் எழுதிய கிரயப் பத்திரம்

1

இந்த ஆண்டு ஓய்வூதியர் நேர்காணலுக்கு நான் ஊருக்கு வரவில்லை. மன்னார்குடி நண்பர்களே, உங்களில் மூன்று பேர் தொலைபேசியில் விசாரித்தீர்கள். ஒருவர் சுற்றி வளைக்காமல், "இருக்கீங்கல்ல?" என்றே கேட்டுவிட்டார்.

இருக்கிறேன். பாறசாலை கடைத்தெருவில் ஓர் இணையச் சேவை மையத்தில் விரலை வைத்து, நான் உயிரோடிருக்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவித்துவிட்டேன். முதல் இரண்டு முறை இயந்திரம் என்னை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண், "சாரே, வெரல நல்லா தொடச்சிட்டு வைங்க, ரேகை தேஞ்சு போச்சு" என்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய கட்டைவிரலை மையில் உருட்டச் சொன்ன சார்பதிவாளனுக்கு இது தகுந்த மரியாதைதான்.

நான் வராததற்குக் காரணம் வேறு. மகளை விட்டுவிட்டு ஒரு நாள்கூட வெளியூரில் தங்கப் பயமாக இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. வயதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் வெளிநாட்டில் குடியேறிவிட்டதாக நீங்கள் கேலி பேசுவது தெரியும். கடவுச்சீட்டு கேட்காத வெளிநாடு இது. என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கேரளத்துக் குன்னத்துகாலில் தாய்வீடு பாகத்தில் வந்தது. ஓய்வு பெற்ற மறுமாதமே மூட்டை கட்டினோம். களியக்காவிளையில் ஒரு டீ குடித்துவிட்டு அதன் சூடு நாக்கில் இருக்கும்போதே மாநிலம் மாறிவிடலாம். ஆனால் முகவரியை மாற்றப் பதினான்கு மாதங்கள் ஆயின. எந்தப் படிவம், எத்தனை நகல், யார் கையொப்பம் என்று எல்லாம் தெரிந்தவன் என்பதால்தான் பதினான்கு. தெரியாதவர்களுக்கு இரண்டு மாதத்தில் முடிந்துவிடுகிறது.

வந்த புதிதில், "இங்கே பத்திரம் எங்கே எழுதுகிறார்கள்?" என்று வழியில் ஒருவரைக் கேட்டேன். அவர் அன்போடு நாளிதழ் ஏஜெண்டு வீட்டைக் காட்டினார். இங்கே பத்திரம் என்றால் நாளிதழ். வாழ்நாள் முழுவதும் நான் எதைக் காத்தேனோ அதற்கு இங்கே ஆதாரம் என்று வேறு பெயர். எட்டு ஆண்டுகள் ஆகியும் அது நாக்கில் ஏறவில்லை.

2

மகள் அமுதாவை நீங்கள் பள்ளிச் சீருடையில் பார்த்திருப்பீர்கள். அரசுப் பணித் தேர்வுக்கு நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்களை அவள் இப்போது ஒலிவாங்கிக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள்.

அவள் நடிகை. நீங்கள் நினைக்கும் நடிகை இல்லை. அவள் நடிக்கும் படங்களில் பெரிய நாயகர் இருக்க மாட்டார், பாட்டு இருக்காது, சில சமயம் திரையிட அரங்கமும் இருக்காது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டில் எடுத்து முடிக்கும் படங்கள். அதற்கு நடுவே குரல் கொடுக்கும் வேலை. மலையாளத் தொடருக்குத் தமிழ், தமிழ் விளம்பரத்துக்கு மலையாளம், கேட்கும் புத்தகங்கள். தமிழை என்னிடமிருந்தும் மலையாளத்தைத் தாயிடமிருந்தும் எடுத்துக்கொண்டாள். ஒன்றின் வாடை மற்றதில் வராது. அதுதான் அவளுடைய சொத்து. இந்தச் சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

வாரத்தில் நான்கு நாள் காலை பாசஞ்சரில் திருவனந்தபுரம் போவாள். மற்ற நாட்களில் வீட்டிலேயே பதிவு. துணி அலமாரி இருக்கும் அறையில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, கம்பளிகளைத் தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேசுவாள். மின்விசிறியையும் மோட்டாரையும் அணைக்கும் பொறுப்பு எனக்கு. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் ரப்பர் பாலை ஷீட்டாக அழுத்தும் உருளை வைத்திருக்கிறார். அதன் சத்தம்தான் அவளுக்கு எதிரி.

"மக்ளே, ஒனக்க சத்தம் எடுத்து முடிஞ்சா? நான் உருளைய ஓட்டணும்" என்று மதிலுக்கு மேலே தலை தெரியும்.

"அஞ்சே நிமிசம் மாமா. ஒருத்தி செத்துட்டிருக்கா, முடிச்சிட்டு சொல்லுதேன்."

"பைய சாவட்டு, பைய சாவட்டு."

இந்த ஆண்டுதான் முதல் முறையாக ஒரு முழுப்படத்தில் நாயகி. இரு மாநிலத்துக்கும் ஓடும் பேருந்தில் நடத்துநர் வேடம். பாதி வசனம் தமிழ், பாதி மலையாளம். படப்பிடிப்பு முடிந்துவிட்டது. பேருந்து இரைச்சலில் ஒலி எதுவும் உருப்படியாகக் கிடைக்காததால் எல்லா வசனத்தையும் அவள் மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேச வேண்டும். அந்த வேலை மட்டும் பாக்கி.

3

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் அவளைத் தேடி வந்தது. தமிழில் மூவாயிரம், மலையாளத்தில் மூவாயிரம் வாக்கியங்களை அவள் படித்துக் கொடுக்க வேண்டும். பிறகு எந்த எழுத்தைக் கொடுத்தாலும் கணினி அவள் குரலில் பேசும். பள்ளிப் பாடங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் பயன்படுமாம்.

ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தாள். "அப்பா, ஒரு தடவை பாத்திருங்க."

பார்த்தேன். ஐந்து ஆண்டுக்கு மட்டும் அனுமதி, பாடத்துக்கும் அறிவிப்புக்கும் மட்டும், வேறெதற்கும் அவளைக் கேட்க வேண்டும், அவள் எப்போது வேண்டுமானாலும் நியாயமான காரணத்துக்கு விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது.

"என்னம்மா இது, வாடகைச் சீட்டு மாதிரி இருக்கு? நியாயமான காரணம்னா எது? யார் தீர்மானிக்கிறது? நாளைக்கு இதுக்காகவே உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பானே."

எனக்கு இருந்தது பயம்தான். என் அனுபவத்தில் எல்லா வழக்கும் விற்றவர் தனக்கென்று ஏதோ கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டதில்தான் தொடங்கியிருக்கிறது. ஒரு தென்னை, ஒரு நடைபாதை, கிணற்றில் மாடு கட்டி இறைக்க ஒரு கவலை நீர். முழுதாகக் கைமாறிய சொத்தில் வில்லங்கம் வராது. ஆகவே அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் திருத்தினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதன் சாரம் நம் பழைய வாசகம்: இன்று முதல் மேற்படி குரலை எழுதி வாங்குபவர் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, எழுதிக் கொடுப்பவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ இனி அதில் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.

நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாரே, இவ்வளவு க்ளியரா எங்களுக்க வக்கீலுகூட எழுதினதில்ல" என்றார். நான் அவருக்கு இரண்டாவது டீ கொடுக்கச் சொன்னேன்.

அமுதாவிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "படிச்சிட்டியா?"

"நீங்க படிச்சீங்கல்ல?" கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இதே பதிலை நான் முன்பு கேட்டிருக்கிறேன். நான் பணிபுரிந்த ஒரு சிற்றூர் அலுவலகத்தில் ஓர் அம்மாள் நிலத்தை விற்க வந்தார். படித்துப் பார்த்தீர்களா என்றதற்கு, "என் மவன் பாத்துட்டான் சாமி" என்றார். எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டார் என்று குறித்து முத்திரை வைத்தேன். விதிப்படி அது சரி. மறு ஆண்டு அந்த அம்மாள் வந்து, தன் வீட்டுக்குப் போகும் பாதையும் அதில் சேர்ந்து போய்விட்டதாகச் சொன்னார். பதிந்ததை நான் தனியாக நீக்க முடியாது என்று விளக்கினேன். பொறுமையாக, இரண்டு முறை விளக்கினேன்.

4

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மருத்துவமனையில் சீட்டு எண் கூப்பிட்டது அமுதாவின் குரல். ஸ்டெல்லா பக்கத்து நாற்காலிக்காரியிடம், "கேட்டியா, எனக்க மொவளாக்கும்" என்றாள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் மகளைத் தேடினாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானும் ஸ்டெல்லாவும் களியக்காவிளைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று மெதுவாக வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து கழிவு ஏற்றிவரும் லாரிகளைப் பற்றிய தகராறு சில வாரமாக நடக்கிறது. அந்த விவகாரம்தான். "எங்கள் மண்ணில் கொட்ட வருகிறவனே, நீ வந்த காலோடு திரும்பிப் போக மாட்டாய்" என்றது வண்டி. பாடம் சொல்லிக் கொடுக்கும் அதே அன்பான நிதானத்தில், ஓர் எழுத்துகூட மழுங்காமல்.

ஸ்டெல்லா கிழங்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். "இஞ்ச பாருங்க. நம்ம பிள்ளையில்லியா பேசுதா?"

"அவ வீட்டுலதானே இருக்கா."

"பின்ன அந்த வண்டிக்க உள்ள இருக்கது ஆரு?"

மறுநாள் எங்கள் குன்னத்துகால் சந்திப்பில் வேறொரு வண்டி, வேறொரு கூட்டத்தாருடையது. நம் லாரியைத் தொடுகிறவனுக்குக் கை இருக்காது என்று மலையாளத்தில் சொன்னது. அதே குரல். இரண்டு தரப்பும் ஒரே கடையில் சரக்கு வாங்கியிருந்தார்கள்.

மாலையில் தங்கப்பன் மதிலருகே வந்தார். "சாரே, ஒண்ணு கேட்டா கோவப்படாண்டாம். மொவ எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல."

"அப்பம் ரெண்டு பக்கத்துக்கும் எப்பிடி பேசுதா? அங்க நின்னு இவனுவள வெட்டுவேங்குதா. இஞ்ச நின்னு அவனுவள வெட்டுவேங்குதா. தொண்டை ஒண்ணுதானே உண்டு?"

"அது அவ இல்ல தங்கப்பன். கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் எந்த ஊர்க்காரனாக்கும்? அமுதாவுக்க சத்தம் எனக்குத் தெரியாதா? அதுக்கு வேண்டி எத்தன நாளு உருளைய நிறுத்தினவன் நான்!"

நல்ல மனிதர். அவரே நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பாசஞ்சரில் வரும்போது அமுதா பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். எதிர் இருக்கைக்காரன் தலையை நிமிர்த்தினான். அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான். கைப்பேசியில் ஒலிபெருக்கி வண்டியின் பதிவை ஓடவிட்டு அவள் முகத்தருகே நீட்டினான். இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அவள் பேசப் பேச அது அவளுக்கு எதிரான சாட்சியாக ஆனது. வாயை மூடிக்கொண்டாள். பாறசாலையில் இறங்கியபோது மூவரும் பின்னாலேயே இறங்கினார்கள்.

ஒரு தையல் கடைக்குள் புகுந்துகொண்டு எனக்குச் செய்தி அனுப்பினாள். அழைக்கவில்லை. நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது தையல்காரப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தாள். எதிரே ஒருவன் மட்டும் மின்கம்பத்தில் சாய்ந்து நின்றான். எங்களைப் பார்த்தான். ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் ஆட்டோவின் எண்ணை மட்டும் படம் எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவள் வெளியே பேசுவதில்லை. மளிகைக் கடையில் விரலால் காட்டுகிறாள். பேருந்தில் இடத்தின் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டுகிறாள். கேட்டின் தாழ்ப்பாளை நான் ஒரு நாளைக்கு ஆறு முறை போய்ப் பார்க்கிறேன்.

5

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனக்கு எப்போதும் தெரியும். ஏழு நகல்களோடு காவல் நிலையத்துக்குப் புகார் தயாரித்தேன். வாங்கிக்கொண்ட இளம் அதிகாரி மரியாதையானவர். "சாரே, பேசினது மகள் இல்லைன்னு காட்ட பரிசோதனை வேணும். சத்தம் மகளுக்கதுன்னு காட்ட உரிமை வேணும். கையில எது உண்டு?" என்றார். நான் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களிடம் பேசிய அதே தொனி. பிழை சொல்ல முடியாது.

நெய்யாற்றின்கரையில் ஸ்டெல்லாவின் சித்தி மகன் ஜெயராஜ் வக்கீலாக இருக்கிறான். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"அத்தான், இத எழுதினவன் ஆளு கில்லாடியாக்கும். ஒரு ஓட்டை கெடையாது. இந்தக் கம்பெனி இப்பம் எல்லாருக்கும் இதே ஃபாரம்தான் குடுக்கு. எனக்க கிட்ட இதக் கொண்டுட்டு நாலு பிள்ளைய வந்தாச்சு. ஒருத்தரயும் காப்பாத்த முடியல்ல."

ஒரு வினாடி எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அடுத்த வினாடி ஒப்பந்தத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தேன். முகம் தெரியாத நான்கு பேர். இன்னும் எத்தனை பேரோ. எழுதியது யார் என்று நான் ஜெயராஜிடம் சொல்லவில்லை.

அதற்குள் படத்தின் இயக்குநர் பேசினார். வண்டிக் குரல் விவகாரத்தைக் கேள்விப்பட்டுத் தயாரிப்பாளர் பயப்படுகிறாராம், குரல் நிறுவனத்திடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். இரண்டு ஆண்டும் அவள் செய்த வேலைகளை நிறுவனம் கண்டுகொண்டதில்லை என்ற தைரியத்தில் கேட்டு எழுதினோம். பதில் நான்கே வரி. மேற்படி குரலும், அதுவென்று கேட்பவர் அடையாளம் காணக்கூடிய எந்தக் குரலும் எங்களுக்கு உரியவை; பிற வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. அந்த வாசகமும் என்னுடையதுதான். எல்லைத் தகராறு வராமலிருக்கச் சேர்த்தது.

பத்து நாள் அவகாசம் கொடுத்தார் இயக்குநர். அதற்குள் கடிதம் வராவிட்டால் தமிழுக்கு ஒரு பெண், மலையாளத்துக்கு ஒரு பெண் என்று இருவரை வைத்துப் பேசவைப்பாராம். முதல் படத்தில் அவள் முகம் மட்டும் இருக்கும்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறுவனத்தின் முதல் வரைவையும் என் திருத்தத்தையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நான் எந்தக் காகிதத்தையும் தூக்கி எறிவதில்லை. அமுதா இரண்டையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்தாள். இரண்டு ஆண்டுக்கு முன் செய்திருக்க வேண்டியது.

"அஞ்சு வருசம்னு இருந்திருக்கு."

"ஆமா."

"எப்ப வேணும்னாலும் விலகலாம்னு இருந்திருக்கு. நீங்களா வெட்டினீங்க?"

"உன்மேல யாரும் கேஸ் போட்டுடக் கூடாதுன்னு..."

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள். "வில்லங்கம் வரப்பிடாதுன்னு பிள்ளைக்க தொண்டையயாக்கும் எழுதிக் குடுத்திருக்கிய! ஊர்க்காரனுக்க வயலு, வரப்பு எல்லாம் எழுதித் தீந்து இப்பம் இதுக்கும் வந்தாச்சா?"

"அம்ம, சும்ம இரி" என்றாள் அமுதா. காகிதங்களை மடித்து என் பக்கம் தள்ளினாள். அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

6

ஐந்து நாட்கள் அவள் எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாப்பிட வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், உள்ளே போய்விடுவாள். கதவுக்குப் பின்னாலிருந்து சில நேரம் ஏதோ கேட்கும். இருமல் போல, முனகல் போல. நான் மோட்டாரை அணைத்துவிட்டு நின்று கேட்பேன். யாரும் அணைக்கச் சொல்லவில்லை.

"உள்ள ஆரோடாக்கும் பேசுதா?" என்று ஸ்டெல்லா என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"போன்ல இருக்கும்."

"போனு இஞ்ச மேசையில கெடக்கு."

பிறகு நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். அவளை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுவதற்கு யாருடைய பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றுகூட விசாரித்து வைத்தேன்.

ஆறாம் நாள் காலை நான் முன்பக்கக் குழாயடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ, "அப்பா" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை. சாலையில் போகும் யாரோ ஒரு பெண் தன் தகப்பனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கனத்த, சற்றுக் கரகரத்த குரல். வெயிலில் நாளெல்லாம் கத்தி வேலை செய்கிறவர்களின் குரல். இரண்டாம் முறையும் கேட்டது. மூன்றாம் முறை என் தோளில் கை பட்டது.

அமுதா நின்றிருந்தாள்.

"நெசமாவே தெரியலையாப்பா?" அந்தக் குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"தெரியலை."

அவள் முகம் மலர்ந்தது. அரசுப் பணித் தேர்வில் தேறியிருந்தால்கூட இப்படி மலர்ந்திருக்காது. "ரெண்டு பாஷையிலயும் வருது. நேத்து ஒரு சீன் பேசி டைரக்டருக்கு அனுப்பினேன். யாரு இந்தப் பொண்ணுன்னு கேட்டார். நான்தான்னு சொன்னா நம்பலை. திங்கக்கிழமை டப்பிங். புது ஒப்பந்தத்தை அவரே அனுப்புறார். அதை நான் படிச்சுக்கிறேன், நீங்க பாக்க வேண்டாம்."

என் மூளை தன் பழக்கப்படி ஒப்பந்தத்தைப் புரட்டியது. அடையாளம் காணக்கூடிய எந்தக் குரலும். இதை யாரும் அடையாளம் காண முடியாது. நானே காணவில்லை. என் வாசகத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்திருக்கிறது; அவள் அதன் வழியாக வெளியே போயிருக்கிறாள்.

"தொண்டைக்கு ஆகுமா இது? டாக்டர்கிட்ட..."

"வலி போயிடுச்சு. பழகிட்டா சரியாயிடும்."

"வீட்டுலயாவது பழையபடி பேசலாமேம்மா."

"இங்க ஒண்ணு, வெளியில ஒண்ணுன்னு வச்சா நடுவுல எங்கயாவது மாறி வந்துடும்ப்பா. ரயில்ல வந்துடுச்சுன்னா?" கோபமே இல்லாமல் சொன்னாள். ஒரு நடைமுறையை விளக்குவதுபோல, பொறுமையாக.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு, பல், கழுத்தில் அந்த மச்சம், எல்லாம் இருந்தன. கண்ணை மூடினால் எதிரே யார் நிற்கிறார்கள் என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. இனி இந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவே பயமாக இருக்கும் என்று அப்போது தோன்றியது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அடுக்களையிலிருந்து ஸ்டெல்லா குரல் கொடுத்தாள். "ஆராக்கும் வந்திருக்கது? வந்தவங்கள இரிக்கச் சொல்லுங்க, சாயா போடுதேன்."

அமுதா உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசற்படியில் ஏறினாள். தாயிடமும் சோதித்துப் பார்க்கப் போகிறாள். குழாயை நிறுத்தாமல் அங்கேயே நின்றேன். உள்ளே ஒரு பெண் பேசுவது கேட்டது. ஸ்டெல்லா அவளிடம் மிகவும் மரியாதையாக, எந்த ஊர் என்று கேட்டாள்.